ஆளில்லாத தீவுன்னு போட்டுட்டீங்க, அங்க ஆள் இருக்காங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஞாயிறு இணைப்புல பாய்மரப் படகுலயே குடும்பம் நடத்துறவங்களைப் பத்தி போட்டிருந்தீங்க, நடுப்பக்கத்துல பெருசா ஒரு போட்டோ, பச்சைத் தண்ணி, அதுல காளான் மாதிரி அடி மெலிஞ்ச பாறைங்க, ஓரமா ஒரு வெள்ளைப் படகு. கீழ மனுச வாடையே இல்லாத தீவுன்னு எழுதியிருந்துச்சு. காபியைக் கீழ வச்சுட்டு கண்ணாடியைப் போட்டு இன்னொரு தடவை பாத்தேன். ஐயா, அது ஃபுலாங்கா. பிஜி நாட்டுல லாவுன்னு ஒரு தீவுக்கூட்டம் இருக்கு, அதோட தெக்குப் பக்கம். அங்க மூணு ஊர் இருக்கு. பள்ளிக்கூடம் இருக்கு, சர்ச் இருக்கு, கோழி இருக்கு, பன்னி இருக்கு. அந்தப் பாறைங்களைத் தாண்டி கரையேறி நடந்து போனா ஒரு வீடு வரும், அந்த வீட்டுத் திண்ணையில உக்காந்து நான் பாய் முடைஞ்சிருக்கேன்.

சரி, போட்டோ தப்பு மட்டும்னா விட்டிருப்பேன். போன வாரம் அதுக்கு வந்த வாசகர் கடிதங்களைப் படிச்சதும்தான் கை பரபரத்துச்சு. ஒருத்தர் பிள்ளைங்க வாழ்க்கையோட விளையாடுறாங்கன்னு திட்டியிருக்கார், ஒருத்தர் இது கோடீஸ்வரங்க பொழுதுபோக்குங்கறார், இன்னொருத்தர் குடுத்து வச்சவங்க, யார் தொல்லையும் இல்லாம தனியா நிம்மதியா வாழுறாங்கன்னு ஏங்கியிருக்கார். மூணு பேருமே படகுல கால் வச்சதில்லைன்னு நல்லா தெரியுது. நான் வச்சிருக்கேன், போன வருஷம் ஜூன்லேந்து ஆகஸ்ட் வரைக்கும் 11 வாரம், என் மக படகுல. நீளமா போனா வெட்டிக்குங்க, ஆனா அந்த மூணாவது ஆளுக்குச் சொல்ற பதிலை மட்டும் வெட்டாதீங்க. போன்ல ஒத்தை விரலால டைப் அடிக்கிறேன், பிழை இருந்தா திருத்திக்குங்க.

எனக்கு 66 வயசு. பத்தமடையில பொறந்தவ, கல்யாணமாகி சென்னை வந்து 40 வருஷம் ஆச்சு, தாலுகா ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவ. தாமிரபரணியில முங்கிக் குளிச்சிருக்கேன், அதை நீச்சல்னு சொல்ல முடியாது. மக ஆக்லாந்துல வேலைக்குப் போய் அங்கேயே ஒரு நியூசிலாந்துப் பையனைக் கட்டிக்கிட்டா, நல்ல பையன், என்னை அத்தைன்னு கூப்புடக் கத்துக்கிட்டான், ஆனா அவங்க அப்பா காலத்துலேந்து கடல் பைத்தியம். நாலு வருஷம் முன்னாடி வீட்டு வாடகையை நிறுத்திட்டு 1984ல கட்டுன ஒரு 41 அடி படகை வாங்கிட்டாங்க, தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட் என்ன விலையோ அதைவிடக் கம்மி. கோடீஸ்வரன்னு எழுதினவருக்கு இது போதும்னு நினைக்கிறேன். பேத்திக்கு ஒம்போது வயசு, பேரனுக்கு அஞ்சு. நான் முதல்ல ரெண்டு வருஷம் மககிட்ட சரியாவே பேசல, அதையும் சொல்லிடுறேன். உங்க முதல் வாசகர் எழுதுனதை விட மோசமா நான் அவளைத் திட்டியிருக்கேன்.

சிங்கப்பூர் வழியா போய் பிஜியில எறங்குன ஊரு நாடி, ஆனா நாந்தின்னு சொல்லணும், அவங்க பாஷையில டி போட்டா அது ந்தி ஆயிடும். எறங்குன அன்னைக்கே சிவசுப்ரமணியர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, நம்ம ஊர் கோபுரம் அப்படியே கலர் கலரா நிக்குது. அங்கேந்து சின்ன பிளேன்ல சவுசவு. சின்ன ஊர்தான், ஆனா பூமிக்குள்ளேந்து வெந்நீர் கொதிச்சு வருது, மார்க்கெட்டுல கறிவேப்பில, முருங்கக்கீரை, பச்சமிளகா எல்லாம் கிடைக்குது. கீரை வித்த அம்மாவுக்கு என் வயசு இருக்கும், மூக்குத்தி போட்டிருந்தாங்க, கொள்ளுத்தாத்தா மெட்ராஸ்லேந்து கப்பல்ல வந்தவராம். 1903லேந்து 1916 வரைக்கும் மெட்ராஸ் வழியா மட்டும் 15,000 பேருக்கு மேல கரும்புத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்கன்னு அப்புறம்தான் எனக்குத் தெரியும். அந்தம்மாவுக்குத் தமிழ் வரல, அங்கத்து ஹிந்திதான் பேசுறாங்க, எனக்கு ஹிந்தி வராது, இருந்தும் என் சேலையைப் பாத்துட்டு ஒரு கட்டுக் கீரைக்குக் காசு வாங்க மாட்டேன்னுட்டாங்க. கடலுக்குப் போறதுக்கு முன்னாடியே கடன் ஆரம்பிச்சிருச்சு.

இப்ப வீட்டு விஷயம். உங்க கட்டுரையில டெக்ல படுத்து சூரிய அஸ்தமனம் பாக்குறதைப் பத்தி இருக்கு, பாத்திரம் கழுவுறதைப் பத்தி ஒரு வரி கிடையாது. 41 அடின்னா கேக்க நீளம், உள்ள போனா ரயில் பெட்டியில ரெண்டு கூபே சேத்த மாதிரி. அடுப்பு ஊஞ்சல் மாதிரி தொங்குது, படகு சாயுற பக்கம் அது நேரா நிக்கும், நாம சாஞ்சிருப்போம், இடுப்புல ஒரு பெல்ட் போட்டு அடுப்புக்கு எதிர்ல நம்மளைக் கட்டிக்கணும். குக்கர் இல்லாம அங்க குடும்பம் நடக்காது, கேஸும் மிச்சம், கவுந்தாலும் மூடி திறக்காது. கடல் தண்ணியில பாத்திரம் கழுவி கடைசியா ஒரு டம்ளர் நல்ல தண்ணியில அலசணும். உப்பை எடுக்குற மெஷின் இருக்கு, ஆனா அது சோலார் கரண்டைக் குடிக்கும், மூணு நாள் மேகமா இருந்தா தண்ணிக்கும் ரேஷன், அதனால மழை வந்தா எல்லாரும் மேல ஓடி ஷீட்டை விரிச்சு டாங்குல புடிப்போம், அன்னைக்குத்தான் துணி துவைக்கிற நாள், தலைக்குக் குளிக்கிற நாள், ஒருவகையில தீபாவளி. அரிசி வேக வைக்க மூணுல ஒரு பங்கு கடல் தண்ணி ஊத்துனா உப்பு போட வேண்டாம், இதை மக சொன்னப்ப நான் சண்டை போட்டேன், தின்னு பாத்துட்டு வாயை மூடிக்கிட்டேன்.

அட்டைப்பெட்டி எதையும் படகுல ஏத்த மாட்டாங்க, கடையிலேந்து வந்த முட்டை, பிஸ்கட் எல்லாத்தையும் கரையிலேயே பிரிச்சுட்டு அட்டையைத் தூக்கிப் போட்டுருவாங்க, மடிப்புக்குள்ள கரப்பான் முட்டை இருக்குமாம். ஃப்ரிட்ஜ் சின்னது, அதனால முட்டை வெளியதான், ரெண்டு மூணு நாளைக்கு ஒருதடவை திருப்பி வைக்கணும். அரிசிக்குள்ள நான் கொண்டு போன காஞ்ச வேப்பிலையும் வத்தலும் போட்டு வச்சேன், வண்டு வரல, அந்த ஒரு விஷயத்துல நான் ஜெயிச்சேன். இட்லி மாவுல தோத்தேன். அந்தப் புழுக்கத்துல நாலு மணி நேரத்துல பொங்கி, படகு ஒரு சாய்வு சாய, பேத்தியோட புத்தக அலமாரியெல்லாம் மாவு. கக்கூஸைப் பத்தியும் சொல்லிடுறேனே, கையால பம்ப் அடிக்கணும், இருபது முப்பது தடவை, என் முழங்காலும் தோள்பட்டையும் அழுதுச்சு. இதெல்லாம் போட்டோவுல வராது.

பிள்ளைங்க கடலுக்குள்ள விழுந்துருவாங்கன்னு பயந்துட்டே போனேன். சுத்தி வலை கட்டியிருக்கு, மேல வரணும்னா லைஃப் ஜாக்கெட், கடல்ல ஓடிட்டு இருந்தா இடுப்புல கயிறு போட்டுக் கொக்கி மாட்டாம மேல வரக்கூடாது, இது பிள்ளைங்களுக்கு மட்டுமில்ல மருமகனுக்கும்தான். நான் மூணாவது நாள் கொக்கி மாட்ட மறந்து படியில தலையை நீட்டுனேன், பேரன், அஞ்சு வயசு, ஆச்சி கிளிப்புன்னு ஒரு அதட்டல் போட்டான் பாருங்க, தாசில்தார்கூட என்னை அப்படி அதட்டினதில்லை.

சவுசவுலேந்து முதல்ல வனுவா பலாவுங்கற தீவு, அங்க பத்து நாள் நின்னு காத்து திரும்பக் காத்துக்கிடந்தோம். அங்க வருஷத்துல பாதி மாசம் தென்கிழக்குக் காத்துதான், நாங்க போக வேண்டியதும் தென்கிழக்கு, எதிர்க்காத்துல பாய்மரம் போகாது, சுத்திச் சுத்தித்தான் போகணும். அப்புறம் ஒருநாள் காத்து வடக்கால வந்துச்சு, ஒரு பகல் ஒரு ராத்திரி ஓடிட்டோம். வேகம் அஞ்சு ஆறு நாட், மணிக்கு பத்து கிலோமீட்டர், நம்ம ஊரு சைக்கிள். ராத்திரி மூணு மணி நேரத்துக்கு ஒரு ஆள் முழிச்சிருக்கணும். மக முறை வந்தப்ப நானும் போர்வையைச் சுத்திக்கிட்டு உக்காந்தேன், பேத்தியும் தூங்காம வந்துட்டா. துருவ நட்சத்திரம் அங்க தெரியாது, பூமிக்கு அந்தப் பக்கம் போயிருச்சு. விருச்சிகம் உச்சந்தலைக்கு மேல கொடுக்கோட நிக்குது, தெக்க சிலுவை மாதிரி நாலு நட்சத்திரம், திரிசங்குன்னு எங்க அப்பா சொல்லுவார். நான் திரிசங்கு கதையைச் சொன்னேன், சொர்க்கத்துக்கும் பூமிக்கும் நடுவுல தொங்குனவன்னு. பேத்தி கேக்குறா, ஆச்சி, அவனும் நம்மள மாதிரி போட்ல இருந்தானான்னு. மகளும் நானும் ரொம்ப நாளைக்கு அப்புறம் சேந்து சிரிச்சது அப்பதான்.

இப்ப அந்த மூணாவது வாசகருக்கு. யார் தொல்லையும் இல்லாம தனியா வாழுறாங்கன்னு எழுதியிருக்காரே, அவருக்கு.

ஃபுலாங்காவுக்குள்ள போற வழி பவளப்பாறைக்கு நடுவுல ஒரு சின்ன சந்து. வெயில் உச்சிக்கு வந்தாத்தான் தண்ணிக்கடியில பாறை தெரியும், அதுவரைக்கும் வெளியவே சுத்தணும். 1884ல சிரியான்னு ஒரு கப்பல், கல்கத்தாவுலேந்து கூலிக்கு ஆள் ஏத்திட்டு வந்தது, பிஜிக்கிட்ட நசிலாய்ங்கற பாறையில மோதி 59 பேர் செத்துப் போனாங்க, அந்தப் பக்கத்துப் பவளப்பாறை லேசுப்பட்டதில்ல. முன்னாடி போன படகுக்காரங்க போன வழியை அப்படியே மேப்புல பதிஞ்சு குடுத்திருந்தாங்க, அதை வச்சு, மருமகன் கம்பத்துல ஏறி நின்னு பாத்து, மக ஸ்டியரிங் பிடிச்சு, உள்ள போயிட்டோம். போனதும் குதிச்சு நீந்தலாம்னு நினைக்காதீங்க. அங்க தண்ணிக்கும் சொந்தக்காரங்க உண்டு. பிஜி நிலத்துல நூத்துக்கு எண்பதுக்கு மேல அந்த ஊர் மக்களோட பொதுச் சொத்து, விக்க முடியாது, கரையோரம் மீன் பிடிக்கிற இடமும் இந்த இந்த ஊர்க்காரங்களுக்குன்னு கணக்கு இருக்கு. அதனால முதல் வேலை, ஊருக்குள்ள போய் பெரியவர் முன்னால உக்காந்து அனுமதி கேக்குறது. செவுசெவுன்னு பேரு.

அதுக்கு காவான்னு ஒரு செடியோட வேர் கொண்டு போகணும், அரை கிலோ, கட்டு கட்டி. சவுசவு மார்க்கெட்டுல வாங்கும்போதே நியூஸ்பேப்பர்ல சுத்தி ரிப்பன் கட்டித்தான் குடுத்தாங்க. எங்க கட்டுல பேப்பர் ஈரத்துல நைஞ்சு போச்சு, மக என் பெட்டியில துழாவி, நான் பருப்புப்பொடி டப்பா ஒழுகாம இருக்கச் சுத்தி வச்சிருந்த பேப்பரை எடுத்துச் சுத்திட்டா. ஐயா, அது உங்க பேப்பர்தான். ஞாயிறு இணைப்பு, ராசிபலன் பக்கம் மேல தெரியுற மாதிரி. அது ஃபுலாங்கா பெரியவர் முன்னால பாய்மேல போய் உக்காந்துச்சு, அவர் ரெண்டு கையாலயும் எடுத்து வச்சுக்கிட்டு அவங்க பாஷையில ரொம்ப நேரம் பேசினார், நாங்க எதுக்கு வந்தோம், இனிமே இந்த ஊர் எங்களுக்கும் ஊருதான்னு அர்த்தமாம். எனக்கு உடனே நிச்சயதார்த்தத் தாம்பூலம் ஞாபகம் வந்துச்சு. சும்மா சொல்லல, அந்தக் காவா செடியே வெத்தல, மிளகு இதுங்க குடும்பம்தான், இலையைப் பாத்தா அப்படியே தெரியும். வேரைப் பொடிச்சு தண்ணியில கரைச்சு சிரட்டையில குடுக்குறாங்க, வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தட்டு, குடிச்சப்புறம் மூணு தட்டு கைதட்டணும். சேத்துத் தண்ணி மாதிரி இருந்துச்சு, நாக்கு பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி மரத்துப் போச்சு. தோள், முட்டி எல்லாம் மூடியிருக்கணும், தொப்பி, கூலிங் கிளாஸ் கூடாது, பையைத் தோள்ல மாட்டக்கூடாதுன்னு மக நூறு ரூல் சொல்லிக் கூட்டிட்டு வந்தா, நான் சேலையில போனதால எனக்கு எந்தச் சிக்கலும் இல்ல, அவதான் துணியைத் தேடி அலைஞ்சா.

அதுக்கப்புறம் எங்க படகுக்குன்னு ஒரு வீட்டை ஒதுக்கிக் குடுத்தாங்க. அங்க வர்ற ஒவ்வொரு படகுக்கும் அப்படி ஒரு வீடு. அந்த வீட்டுப் பாட்டிக்கும் எனக்கும் பொதுவா ஒரு வார்த்தை கிடையாது, அவங்க தாழை ஓலையைக் கீறிக் காய வச்சு பாய் முடைஞ்சுட்டு இருந்தாங்க. நான் பத்தமடைக்காரி. எங்க ஊர்ல கோரை, அங்க தாழை, எங்களுது தறி, அவங்களுது வெறும் விரல், ஆனா விளிம்பு மடிக்கிற இடத்துல கை நிக்கிற விதம் ஒண்ணுதான். நான் உக்காந்து ரெண்டு வரி முடைஞ்சு காட்டுனேன், தப்பா முடைஞ்சேன், பிரிச்சுட்டாங்க, திரும்பவும் முடைஞ்சேன். மூணு வாரம் தினமும் அதே வேலைதான். பேரன் அந்த வீட்டுப் பசங்களோட பன்னிக்குத் தேங்கா உடைச்சுப் போடப் போயிருவான். பேத்தி ஊர்ப் பள்ளிக்கூடத்துல போய் உக்காந்துட்டா, டீச்சர் ஒண்ணும் சொல்லல. சேப்பங்கிழங்கு இலையைத் தேங்காப்பால்ல வேக வச்சுக் குடுத்தாங்க, நம்ம கீரைக்கடைசல் தோத்துச்சு. நான் பருப்புப்பொடி குடுத்தேன், அதைத் தண்ணியில கரைச்சுக் குடிச்சுப் பாத்தாங்க, பரவாயில்ல.

சாமான் கப்பல் மாசத்துக்கு ஒருதடவை வந்தா பெரிசு. அதனால படகுக்காரங்க வர்றப்ப மாவு, சர்க்கரை, எண்ணெய், ஸ்கூல் நோட்டு, தையல் ஊசி எல்லாம் கொண்டு வர்றாங்க. மருமகன் ஒரு ஜெனரேட்டரை ரெண்டு நாள் பிரிச்சு மேஞ்சான். அவங்க எங்களுக்குக் குடுத்தது தேங்கா, பப்பாளி, மரவள்ளி, அதைவிடப் பெருசா ஒண்ணு, எந்த மீனைத் திங்கலாம்னு சொல்லிக் குடுத்தது. பவளப்பாறை மீன்ல சிகுவாடெரான்னு ஒரு விஷம் ஏறும், பாறையில ஒட்டுற நுண்ணுயிரைச் சின்ன மீன் தின்னு, அதைப் பெரிய மீன் தின்னு, கடைசியில நாம திங்குறோம். கொதிக்க வச்சாலும் போகாது, ஐஸ்ல வச்சாலும் போகாது, வாடையும் தெரியாது. வந்துச்சுன்னா ஜில்லுன்னு இருக்கறது கைக்குச் சுடுற மாதிரி இருக்குமாம். ஒரு தீவுல விஷமா இருக்குற மீன் இன்னொரு தீவுல நல்ல மீன், அதை அந்த ஊர்க்காரங்களைத் தவிர யாராலயும் சொல்ல முடியாது. மருமகன் பிடிச்ச ஒவ்வொரு மீனையும் முதல்ல அந்தப் பாட்டிகிட்ட காட்டுவான், அவங்க தலையாட்டினா குழம்பு, உதட்டைப் பிதுக்குனா கடலுக்கு.

ஆகஸ்ட்ல ஒரு ராத்திரி. எப்பவும் தென்கிழக்குலேந்து வர்ற காத்து திடீர்னு மேற்கால திரும்பிருச்சு. நாங்க கிழக்குக் கரையை ஒட்டி நங்கூரம் போட்டிருந்தோம், கரை காத்தை மறைக்கும்னு, இப்ப அதே கரை எங்க முதுகுக்குப் பின்னால பல்லைக் காட்டிட்டு நிக்குது. ராத்திரி ரெண்டு மணி, மழை, அலாரம் கத்துது, பக்கத்துல நின்ன பிரெஞ்சுக்காரங்க படகு நங்கூரம் பேந்து எங்களை நோக்கி வருது. மக இஞ்சினைப் போட்டு ஸ்டியரிங்ல நிக்குறா, மருமகன் முன்னால சங்கிலியைத் தளர்த்துறான், நான் ரெண்டு பிள்ளைங்களையும் மடியில வச்சுக்கிட்டு கந்த சஷ்டி கவசத்தை முதல் ரெண்டு வரிக்கு மேல மறந்து போய் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிட்டிருந்தேன். ரேடியோவுல அஞ்சு படகும் மாத்தி மாத்திப் பேசிக்குது, நான் வெளிச்சம் போடுறேன், நீ இடது பக்கம் போ, கயிறு வேணுமான்னு. அந்த பிரெஞ்சுப் படகு எங்களுக்கும் கரைக்கும் நடுவுல ஒரு பஸ் நீளத்துல நழுவிப் போய் தப்பிச்சுச்சு. விடியுறப்ப காத்து நின்னுருச்சு. ஆறு மணிக்கு ஊர்லேந்து மோட்டார் வச்ச ஃபைபர் படகு வந்து ஒவ்வொரு படகுகிட்டயும் நின்னு எல்லாரும் இருக்கீங்களான்னு கேட்டுட்டுப் போச்சு. எங்க பாட்டி வாழையிலையில வேக வச்ச மரவள்ளி குடுத்து அனுப்பியிருந்தாங்க, சூடா.

அவங்களுக்குக் காத்துன்னா என்னன்னு தெரியும். 2016 பிப்ரவரி 20ல வின்ஸ்டன் புயல் வந்து பிஜியில 44 பேர் செத்தாங்க, நாங்க முன்னாடி நின்ன வனுவா பலாவுல ஊர் ஊரா கூரை போயிருச்சு. அப்ப நிவாரணச் சாமான் ஏத்திட்டு வந்ததுல இந்த மாதிரி குடும்பம் நடத்துற படகுங்களும் உண்டுன்னு அங்க சொன்னாங்க.

அடையார்ல எங்க அபார்ட்மெண்ட்ல 32 வீடு. எதிர் வீட்டுக்காரர் தவறினது எனக்கு வாட்ஸாப் குரூப்புல பாத்துத்தான் தெரியும், அதுவும் மறுநாள். தனியா வாழணும்னு ஏங்குற அந்த வாசகர் எங்க பிளாக்குக்கு வந்து பாக்கட்டும், ரெண்டாவது மாடியில ஒண்ணு வாடகைக்குக் காலியா இருக்கு.

பிள்ளைங்க படிப்பு. காலையில எட்டுலேந்து பதினொண்ணு வரைக்கும் சாப்பாட்டு மேசைதான் பள்ளிக்கூடம், காத்தடிச்சாலும் மழை பெய்ஞ்சாலும். நான் தமிழ் சொல்லிக் குடுத்தேன், பேரன் ழ எழுதுனா நங்கூரச் சங்கிலி மாதிரி சுத்தி சுத்திப் போகுது. பேத்தி கடல் ஏத்த இறக்க அட்டவணையைப் பாத்து எத்தனை மணிக்கு சந்துல நுழையலாம்னு கணக்குப் போடுவா, தப்பாப் போட்டா அவங்க அப்பா திருத்த மாட்டார், ஏன் தப்புன்னு தண்ணியைப் போய்ப் பாருன்னு அனுப்புவார். அதுக்காக எல்லாம் பிரமாதம்னு நான் சொல்ல வரல. பேத்தி ரெண்டு தடவை அழுதா, ரெண்டு தடவையும் சிநேகிதி படகு கிளம்பிப் போனப்ப. பதினஞ்சு நாள் உயிருக்கு உயிரா பழகுவாங்க, அப்புறம் அவங்க ஒரு திசை இவங்க ஒரு திசை. எனக்கு ஒரு சைக்கிள் வேணும் ஆச்சி, நேரா ரோட்ல ஓட்டணும்னு எங்கிட்ட ரகசியமா சொன்னா, அதை மககிட்ட சொன்னேன், அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு, முகம் வாடிப் போச்சு. பேரனுக்குப் பவளம் கிழிச்ச கால்ல சீழ் வச்சு காய்ச்சல் வந்துச்சு. ஸ்டார்லிங்க்னு சாட்டிலைட் இன்டர்நெட் வழியா டாக்டர்கிட்ட பேசி, கையில இருந்த மாத்திரையைக் குடுத்து, பக்கத்துப் படகு ஹாலந்துக்கார நர்ஸம்மா தினமும் வந்து கட்டு மாத்தினாங்க. நாலு நாள் நான் தூங்கல. 2014ல ஒரு அமெரிக்கக் குடும்பம் மெக்சிகோவுலேந்து கிளம்பி பசிபிக்ல போயிட்டிருக்கப்ப ஒரு வயசுக் குழந்தைக்கு உடம்பு முடியாம போய், வானத்துலேந்து ஆள் குதிச்சு, போர்க்கப்பல் வந்து கூட்டிட்டுப் போச்சு, படகை அங்கேயே மூழ்கடிச்சுட்டாங்க. அந்தக் கதை எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் பிளேன் ஏறியிருக்க மாட்டேன்.

கோர்ட்டு போட்டு நிறுத்தணும்னு அந்த முதல் வாசகர் எழுதியிருக்கார். நெதர்லாந்துல அதையும் செஞ்சு பாத்தாங்க. லாரா டெக்கர்னு ஒரு பொண்ணு, நியூசிலாந்துல அவங்க அப்பா அம்மா படகுல வந்திருந்தப்ப பொறந்தவ, பதிமூணு வயசுல தனியா உலகம் சுத்தப் போறேன்னா, 2009ல கோர்ட்டு தலையிட்டுத் தடுத்துச்சு, அடுத்த வருஷம் விட்டுட்டாங்க, 2012 ஜனவரியில 16 வயசுல சுத்தி முடிச்சா. என் பேத்தி படுக்கைக்கு மேல அவ படம் ஒட்டியிருக்கு, எனக்கு அதைப் பாத்தா வயித்தைக் கலக்குது. ஆனா ஒண்ணு கேக்குறேன், கடற்படை அதிகாரிங்க தில்னாவும் ரூபாவும் தாரிணி படகுல உலகத்தைச் சுத்தி 2025 மே மாசம் கோவா வந்து எறங்கினப்ப நாம எல்லாரும் கை தட்டினோம், ரூபா நம்ம புதுச்சேரிப் பொண்ணுன்னு என் பக்கத்து பெஞ்சு வாக்கிங் தோழி ஸ்வீட்டே குடுத்தா. அதே தோழிதான் என் மக படகுல பிள்ளை வளக்குறான்னதும் பாவம்னு உச் கொட்டினா.

நவம்பர் வந்தா அங்க புயல் சீசன், ஏப்ரல் வரைக்கும். அதுக்குள்ள நியூசிலாந்துக்கு ஓடிரணும், 1,100 கடல் மைல், எட்டு பத்து நாள், நடுவுல ஒதுங்க இடமில்ல. போன வருஷம் அந்தப் பத்து நாளும் நான் இங்க போன்ல ஒரு புள்ளியைப் பாத்துட்டே உக்காந்திருந்தேன், புள்ளி நகந்தா சாப்புடுவேன். இந்த வருஷமும் உக்காருவேன்.

அதனால ஆசிரியர் ஐயா, கேக்குறது ஒண்ணுதான். அந்தப் போட்டோவுக்கு ஒரு திருத்தம் போடுங்க. ஃபுலாங்கா, மூணு ஊர், மக்கள் இருக்காங்கன்னு ஒரு வரி போதும். ஞாயிறு இணைப்புலயே போட்டா நல்லது, அந்தத் தாள் கொஞ்சம் கனமா இருக்கு. வெட்டி எடுத்து வச்சுக்கிறேன், அடுத்த ஜூன்ல திரும்பப் போறேன், காவா வேர் சுத்த ஆகும்.

இப்படிக்கு,
ஒரு பத்தமடை ஆச்சி,
அடையார், சென்னை.